இரண்டு ‘பி’ வீடு

அன்று கோயில் முகப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். போதகர் ஜெபமணி. சபைச் செயலர் ஞானப்பூ டீச்சர். உளியும் சுத்தியலுமாகக் கொத்தனார் இசக்கி. எட்ட நின்ற மாசிலாமணி.

கோயிலின் பெயர் வெட்டிய பழைய கல் இன்னும் சுவரில் இருந்தது.

மாசிலாமணியின் பாட்டனுக்குப் பாட்டன் வேதமுத்து எழுதிக் கொடுத்து வெட்டிய கல். சேப்பல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு ‘பி’ போதும். கல்லில் இரண்டு இருந்தன. அடியில் வேதமுத்துவின் பெயர்.

பிழையில்லாத புதுக் கல் தயாராக இருந்தது. அதில் வேதமுத்து இல்லை.

அந்தப் பிழையை முதலில் சொல்லிச் சிரித்தவர் டீச்சரின் அப்பா, ஹெட்மாஸ்டர். கோயில் அசன விருந்தில், ஊர் முழுக்கப் பந்தியில் இருந்தபோது.

“ரெண்டு ‘பி’ வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு இலையாப் போடுங்கடே!”

ஊருக்கு அது போதும். பிடித்துக்கொண்டது.

பந்தியிலிருந்து எழுந்த மாசிலாமணியின் அப்பா, அதன் பிறகு கோயிலுக்குள் உட்காரவே இல்லை. ஞாயிறு தவறாமல் வருவார். பின்சுவரோரம் நின்றே ஜெபிப்பார். சாகும்வரை நின்றார்.

அவர் போன பின் அதே இடத்தில் மாசிலாமணி நின்றார். முழங்கால் தேய்ந்த பிறகும் நின்றார்.

பதில் இல்லாமல் இல்லை. கல்லறைத் தோட்டத்தில், சீமைக்கருவேல் முள்ளுக்குள் கிடந்தது. வேதமுத்துவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த துரையின் கல்லறை. அதிலும் அதே சொல். அதே இரண்டு ‘பி’. அந்தக் காலத்தில் அப்படியும் எழுதினார்கள்.

அப்பா ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினார். காட்டிவிட்டு வாய்க்குப் பூட்டும் போட்டார்.

“நம்ம வாயால சொன்னா அது சாக்கு. அவுக வாயால சொன்னாத்தான் சாட்சி.”

இசக்கி கல்லின் ஓரத்தில் உளியை வைத்தார்.

மாசிலாமணி உளியின் முனையையே பார்த்தார். ஒரு வார்த்தை போதும், கல் தப்பிவிடும்.

அவர் சொல்லவில்லை.

சுத்தியல் உயர்ந்தது.

“நிறுத்துங்க இசக்கி.”

டீச்சரின் குரல். அவர் முழங்கையில் முள் கீறிய கோடுகள் இருந்தன. மாசிலாமணி அப்போதுதான் பார்த்தார்.

“நேத்து முள்ளு வெட்டுனாங்கல்லா, போய்ப் பாத்தேன் அண்ணாச்சி. துரை கல்லறையிலயும் ரெண்டு ‘பி’ இருக்கு. பழைய அகராதியிலயும் இருக்கு. நீங்க சொல்லுவீங்கன்னு இவ்வளவு நேரம் பாத்தேன்.”

மாசிலாமணி ஓர் அடி முன்னே வந்தார்.

“எங்கப்பா பேரு கெடுமேன்னு நானும் வாயை மூடிட்டு நின்னேன்.” டீச்சர் முந்தானையால் கல்லின் தூசியைத் துடைத்தார். “தப்பு எங்கப்பா மேலதான்.”



“அப்போ எனக்கு இன்னைக்கு வேலை இல்லியா?” என்றார் இசக்கி.

யாரோ சிரித்தார்கள். மாசிலாமணியாகக்கூட இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு, பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், மாசிலாமணி மயங்கிச் சாய்ந்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு.

தவறு. அவர் உட்கார்ந்தார்.