ஐந்து டிகிரி

பொங்கல் விடுமுறைக்கு ஆய்வகத்தில் எல்லோரும் மலையிறங்கிவிட்டார்கள். திலகவதி மட்டும் இருந்தாள். பேரிக்காய் மரப்பட்டைக்குள் பனிக்காலத்தைக் கழிக்கும் புழுக்கள் எவ்வளவு குளிர் தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த புழுவை ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்துவிட்டு, பிரஷ் நுனியால் தொட வேண்டும். அசையாவிட்டால் செத்தது என்று எழுதலாம். அசைந்தால், இன்னும் ஐந்து டிகிரி கூடுதல் குளிருக்கு அனுப்ப வேண்டும்.

நாற்பதில் முப்பத்தொன்பது அசையவில்லை. கடைசிப் புழு மெல்லச் சுருண்டது.

காவலாளி ராக்கப்பன் தேநீரோடு எட்டிப் பார்த்தார். "இந்த வருசமும் நீங்கதானா மேடம்?"

"எனக்குப் பழகிப்போச்சுண்ணே."

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறீங்க. அதான் உங்களையே விட்டுட்டுப் போறாங்க."

அவர் போனதும், நாற்பதும் செத்தன என்று எழுதினாள். பதினொரு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது. பிறகு அந்தப் புழுவை உள்ளங்கையில் விட்டு விரல்களை மூடினாள். அது மறுபடி அசைவது தெரியும்வரை அவளும் அசையவில்லை. தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்தது.