பன்னிரண்டாவது செயின் லாக்

அன்புள்ள கன்னியம்மா அக்காவுக்கு, சாம்சன் எழுதுவது. நேரில் சொல்ல எனக்கு முகமில்லை.

அன்று காலை தேசப்பன் அண்ணனுக்கு நெஞ்சு வலி, கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும், பைக்கை எடு என்று ஓடி வந்தீர்கள். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தேன். "செயின் லாக் உட்டுக்கிச்சுக்கா, வண்டி நவராது" என்றேன். அது பொய். ஷேர் ஆட்டோ வருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

அடக்கத்தன்று நீங்கள் சொன்னீர்கள்: "அந்த வலியிலயும் உன் பேச்சுதான் சாம்சனு. பாவம், அவன் எப்டி கம்பெனிக்குப் போவான், லாக் ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகுமுன் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் வைத்துச் செயினைத் தேய்த்து, துணியால் துடைத்து, கியர் ஆயில் விடுவது என் வழக்கம். அடக்கம் முடிந்த முதல் ஞாயிறு, வண்டி சீட்டின்மேல் பேப்பரில் மடித்த புது செயின் லாக் ஒன்று இருந்தது. அடுத்த ஞாயிறும் இருந்தது. போன வாரத்தோடு பதினொன்று. செயினின் இரண்டு முனையையும் சேர்க்க ஒன்று போதும். என் வண்டியில் பழைய லாக்கே நன்றாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம், "அண்ணே, செயினுக்கு ஒண்ணும் ஆகல. தூக்கத்துக்காகப் பொய் சொன்னேன்" என்று ஒரு தாளில் எழுதி, சீட்டின்மேல் வைத்து, பறக்காமல் ஒரு கல்லும் வைத்தேன்.

இன்று காலை கல் தரையில் கிடந்தது. பன்னிரண்டாவது லாக் அந்தத் தாளில்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது.