நாடித்துடிப்பு எழுபத்திரண்டு

திருநெல்வேலிக்கு அருகே உள்ள அந்தக் கல்லூரியில் ஆசிரியர்கள் எல்லோரும் மணிக்கட்டில் நிதானப் பட்டை கட்டியிருக்க வேண்டும். நாடித்துடிப்பை அளந்து, பொறுமை இழந்தவர் யார் என்பதை அது சொல்லிவிடும். அதற்குமேல் விசாரணை எதற்கு என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

வேதியியல் ஆசிரியை ஜெபராணி தன் ஆய்வுக் கட்டுரையில் துறைத்தலைவர் சிவசைலத்தின் பெயரைச் சேர்க்க மறுத்தாள். மறுநாள் மாணவர்கள் முன்னாலேயே அவர், "மூளை இருக்கா உனக்கு? மாடு மேய்க்கப் போ" என்றார். அவள் புகார் கொடுத்தாள்.

முதல்வர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த நேரத்துல உங்க துடிப்பு நூத்தி முப்பதும்மா. சாருக்கு எழுபத்திரண்டுதான். நிதானம் இழந்தது நீங்க. பதினஞ்சு நாள் அமைதிப் பயிற்சிக்குப் போயிட்டு வாங்க."

"திட்டு வாங்குனவளுக்கு நெஞ்சு படபடக்காதா சார்? அவருக்கு ஏறல, ஏன்னா தினமும் யாரையாவது திட்டித்திட்டிப் பழகிட்டாரு."

"இப்ப நூத்தி நாப்பது," என்றார் முதல்வர்.

சாட்சி உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. வெளியே காத்திருந்த ஷாகிதா தானாகவே உள்ளே வந்தாள். அதே துறையில் ஒப்பந்த ஆசிரியை அவள். பட்டை மூன்று முறை சிவந்தால் ஒப்பந்தம் ரத்து. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை சிவந்திருந்தது.

"நான் பாத்தேன் சார்."

குரல் நடுங்கியது. பட்டை சிவந்து அலறத் தொடங்கியது.

"நிறுத்துங்கம்மா, வேலை போயிரும்!" என்றார் முதல்வர்.

ஷாகிதா நிறுத்தவில்லை. அலறலுக்கு மேலே குரலை உயர்த்தி, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள்.