ஒன்பதாவது தொட்டில்

கரண்டியை உலையிலிருந்து எடுத்தான். உருகிய ஈயம் கண்ணாடிபோல் மின்னியது. அதில் அவன் மீசை தெரிந்தது.

தரையில் தொட்டில் அச்சு. உள்ளங்கை அளவு.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை. பதினோரு வருடமாக உலை அவன் பொறுப்பு. கல்யாணமான மறுவருடத்திலிருந்து ஆடிக்கு ஒரு தொட்டில். அவன் ஊற்றுவான். அம்மன் கோயில் வேம்பில் அவன் மனைவி புனிதா கட்டுவாள். கடையில் விற்கும் மரத்தொட்டில் அவனுக்கு ஆகாது. மழையில் உளுத்துப்போகுமாம். தன்னுடையது நூறு வருடம் நிற்குமாம்.

எட்டு நிற்கின்றன.

எட்டு ஆடியும் புனிதா மண்சோறு தின்றாள். அவன் பக்கத்தில் மீசையை நீவிக்கொண்டு நின்றான். குறை யாரிடம் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. மீசைக்கும் இல்லை.

போன வாரம், பிள்ளைக்காகப் போய்ப் பார்த்த டாக்டர் கேட்டார்: "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

நேற்று அவனுடைய சோதனைக் காகிதம் வந்தது. உயிரணு எண்ணிக்கை பூஜ்யம். அதன் கீழே டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார்: ரத்தத்தில் ஈயம் அதிகம்.

புனிதாவிடம் சொல்லவில்லை. காகிதம் சட்டைப்பையில். சட்டை ஆணியில்.

அவனுக்கு முன் இந்த உலையில் நின்றவர் ஏகாம்பரம். பிள்ளை இல்லை. அவருக்கு முன் சவரிமுத்து. பிள்ளை இல்லை. இருவருக்கும் ஊர் கூடி இரண்டாம் தாரம் கட்டிவைத்தது.

முதலாளி உலை ஆட்களுக்குத் தினமும் ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் ஈயம் உடம்பில் ஒட்டாது என்பது அவருடைய விஞ்ஞானம். அவர் தின்பதில்லை, சர்க்கரை வியாதி. உலைப் பக்கமும் வருவதில்லை. பிள்ளைகள் நாலு.

பக்கத்தில் தணிகைவேல். புனிதாவின் தம்பி. வைகாசியில் கல்யாணம். மைத்துனனுக்கு உலையில் வேலை வாங்கிக் கொடுத்தது அவன்தான். இதைவிடப் பெரிய சீர் எவன் செய்வான் என்று மணமேடையிலேயே கேட்டவன்.

"மாமா, அப்படியே எனக்கும் ஒண்ணு ஊத்திடுங்க. அக்காவோடது பக்கத்துலயே கட்டிடறோம்."

கன்னம் புடைக்க வெல்லம்.

அவன் கரண்டியைச் சாய்க்கவில்லை. ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்தது. மீசை மறைந்தது.

"மாப்ள, அந்தச் சட்டையில ஒரு காகிதம் இருக்கு. எடுத்துப் படி."

தணிகைவேல் படித்தான்.

மெல்லுவது நின்றது.