பச்சைக் காரின் முதல் ஓட்டம்

செம்புச் சுத்தியல் ஹிலரியின் காதை உரசிக்கொண்டு பறந்து, கேரேஜ் சுவரில் மோதி விழுந்தது. கீத் சிரித்தான்.

"குறி தப்பிடுச்சே, டெஸ்மண்ட்!"

"அடுத்தது தப்பாது" என்றான் டெஸ்மண்ட். "முதல் ஓட்டம் போற அன்னிக்கு முன்கண்ணாடியில விரல் அடையாளம்! இதுதான் நீ துடைச்ச லட்சணமா?"

சொல்லி முடிப்பதற்குள் அறை விழுந்தது. ஹிலரிக்குப் பொறி கலங்கிப்போனது. வியாழக்கிழமை போட்ட தையல் ஒன்று பிரிந்து, புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி வந்த அந்த இரண்டு இருக்கைக் காரை ஒன்பது வருஷமாக வீட்டிலேயே வைத்துச் சீர்செய்துகொண்டிருந்தான் டெஸ்மண்ட். தம்பி கீத் கூடமாட வேலை செய்வான். பெண்டாட்டி ஹிலரிக்கு மூன்று வேலை: விளக்குப் பிடிப்பது, பழைய பழுதுபார்க்கும் கையேட்டை வாசித்துச் சொல்வது, அடி வாங்குவது.

காரில் ஒரு கீறல் விழுந்தால் டெஸ்மண்டுக்குச் சோறு தண்ணி இறங்காது. போன குளிர்காலத்தில் அவள் விரல்கள் மேலேயே பானெட்டை அறைந்து மூடிவிட்டு, பெயின்ட் உரிந்திருக்கிறதா என்றுதான் குனிந்து பார்த்தான். இரண்டு விரல்கள் இன்னமும் கோணல்தான்.

வியாழக்கிழமை ஸ்பானரால் அடித்தான். கீத் பக்கத்திலேயே இருந்தான், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. டெஸ்மண்ட் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோதும் அந்தக் கல்நெஞ்சன் கேரேஜிலேயே உட்கார்ந்து வேலையைப் பார்த்தான்.

"படியில சறுக்கி விழுந்தேன்னு சொல்லு. மாத்திச் சொன்னே, அடுத்த தடவை ஆஸ்பத்திரி கிடையாது, நேரா கல்லறைதான்" என்று வழியெல்லாம் மிரட்டினான் டெஸ்மண்ட்.

ஏழு தையல். ஏழாவது தையல் விழும்போது ஹிலரி முடிவு செய்துவிட்டாள். இனி அவன் இருக்கவேண்டும், இல்லை தான் இருக்கவேண்டும்.

வழியைக் கையேடே சொல்லியிருந்தது. அந்தக் காலத்துக் காரில் சக்கரத்தின் நடுவே, இரண்டு காது வைத்த ஒரே பெரிய நட்டுதான். செம்புச் சுத்தியலால் அந்தக் காதில் அடித்து முடுக்குவார்கள். இடப்பக்கத்து நட்டு ஒரு திசையில் இறுகும், வலப்பக்கத்து நட்டு எதிர்த்திசையில் இறுகும். அதனால் வண்டி ஓட ஓட இரண்டும் இறுகிக்கொண்டே போகும். நட்டு ஏறும் மரை இருப்பது சக்கரம் மாட்டும் குடத்தில். அந்தக் குடங்களை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால், ஓட ஓடக் கழன்றுகொண்டே வரும். உயிருக்கு ஆபத்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

சனிக்கிழமை அண்ணனும் தம்பியும் கால்பந்து பார்க்கப் போன மூன்று மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது. முன் சக்கரத்தில் கைவைத்தாள். கையேட்டின்படி, நட்டின் மேல்காதைக் காரின் முகப்பை நோக்கி அடித்தால் கழல வேண்டும். நாலு அடி அடித்தும் அசையவில்லை. ஆத்திரத்தில் எதிர்ப்பக்கம் ஒன்று வைத்தாள், சட்டென்று விட்டுக்கொடுத்தது. அடிபட்ட மண்டையில் திசைகூடக் குழம்புகிறது என்று தன்னையே நொந்துகொண்டு, இரண்டு முன் குடங்களையும் பக்கம் மாற்றிப் பூட்டி முடித்தாள்.

இன்று ஞாயிறு. டெஸ்மண்ட் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

"ஏறுடா, கீத்."

"முதுகு பிடிச்சிருக்கு. குனியவே முடியல. நீ போயிட்டு வா."

"தொடைநடுங்கி! அப்ப இவ வரட்டும்." டெஸ்மண்ட் கீழே இறங்கி, ஹிலரியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றிக் கார் வரைக்கும் தரதரவென்று இழுத்தான். அவள் காரின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திமிறினாள். கோணல் விரல்கள் மேலேயே குத்தினான். தோண்டிய குழியில் தானே விழப்போகிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"அந்தப் பீடையையா ஏத்தற?" என்றான் கீத். "புருவத்துல ரத்தம் ஒழுகுது. புதுத் தோல் சீட்டு நாசமாயிடும்ப்பா!"

டெஸ்மண்ட் சீட்டைப் பார்த்தான். அவளை ஒரே உதையில் தள்ளிவிட்டான். கார் உறுமிக்கொண்டு, கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கும் செங்குத்துச் சாலையில் பாய்ந்தது.

ஹிலரி சமையலறையில் கெட்டிலை வைத்தாள். கீத் ஜன்னலோரம் போய் நின்றான். ஒரு சிகரெட் அணையுமுன் அடுத்ததைப் பற்றவைத்தான், சாலையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அண்ணன் மேல் அவ்வளவு பாசமா என்று மனசுக்குள் ஏசினாள் ஹிலரி. பத்து நிமிஷம் போனது. இருபது. நாற்பது. ஹிலரி டீயைக் கோப்பையில் ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

ஹாரன் சத்தம் கேட்டது.

நாலு சக்கரமும் நாலு இடத்திலும் இருக்க, பச்சைக் கார் வாசலில் வந்து நின்றது. கீத்தின் கையிலிருந்து டீக் கோப்பை விழுந்து நொறுங்கியது.

"எழுபது மைல் வேகம்! வெண்ணெயா வழுக்கிட்டு ஓடுது!" வெளியிலிருந்தே கத்தினான் டெஸ்மண்ட். "அடியே, கதவுச் சட்டத்துல உன் நகம் கீறியிருக்குடி. இரு, வர்றேன்!" பெல்ட்டை உருவும் சத்தம் கேட்டது. பூட்ஸ் படியேறியது.

கீத் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டான். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு முணுமுணுத்தான்.

"முன் குடம் ரெண்டையும் வியாழக்கிழமையே பக்கம் மாத்திப் பூட்டிட்டேனே ஹிலரி, இவன் எப்படித் திரும்பி வந்தான்?"