நாலு மணி விதி

"இந்த நாற்பத்தோராவது விதியை யார் போட்டது?"

ஆடிட்டுக்கு வந்திருந்த சமீரா, மானேஜர் தனராஜின் அறையில் கம்ப்யூட்டர் திரையைக் காட்டிக் கேட்டாள். துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்கு ஏஜென்ட் ஆபீஸில், எந்தக் கம்ப்யூட்டர் இணையத்தில் எங்கே போகலாம் என்ற ஃபயர்வால் விதிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை.

"ஆபீஸ்ல யாருக்கும் வீடியோ கால் கிடையாதுன்னு நாற்பத்திரண்டாவது விதி சொல்லுது. ஃபயர்வால் மேலேயிருந்துதானே படிக்கும்? முதல்ல வர்ற விதிதான் செல்லும். அதுக்கு முந்தின விதி, ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் திறந்து விடுது. பொது பாஸ்வேர்டுல போட்டதால ஆள் தெரியல. யார் போட்டது, எதுக்குன்னு ரெண்டு கட்டமும் காலி. அது தெரிஞ்சா விட்டுரலாம். இல்லாட்டி இப்பவே நீக்கணும்."

அது பில் போடும் ஜெபசெல்வியின் கம்ப்யூட்டர். தடை தனராஜின் உத்தரவு. பிறந்த அன்றே பேரனை வீடியோவில் பார்த்த கிளார்க்குக்கே மெமோ கொடுத்த மனுஷர்.

கூப்பிட்டதும் ஜெபசெல்வி வந்து நின்றாள்.

"எம்பிள்ள நாசரேத்துல ஹாஸ்டல்ல படிக்கா சார். காது கேக்காது. கையாலதான் பேசுவா. நாலு மணிக்குத்தான் அங்கன போன் கொடுப்பாங்க."

தனராஜ் ஃபைலிலிருந்து நிமிரவே இல்லை.

"தடை வந்த அன்னைக்குப் படம் அப்படியே நின்னுட்டு. அது தெரியாம நான் பாட்டுக்குக் கையாட்டிக்கிட்டே இருந்தேன். ரெண்டு நாள்ல சரியாயிட்டு. யாரு செஞ்சதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எடுத்துராதீங்க சார்."

சமீராவுக்கே சங்கடமாக இருந்தது.

கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் டிக்சன் முன்னால் வந்தான். "நான்தான் மேடம் போட்டேன். அக்கா மேல தப்பில்ல."

"கேக்காம விதியை மாத்தினா வேலையே போகும், தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"ஏலே, நீ எதுக்குப் பொய் சொல்லுத?" என்றார் தனராஜ்.

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். நீக்கத்தான் போகிறார் என்று ஜெபசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி முடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

சமீரா திரையைப் பார்த்தாள். காலியாக இருந்த இரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தன.

'விதியைப் போட்டவர்: தனராஜ். காரணம்: யாரையும் கேட்காமல் தடை போட்டது என் தப்பு.'