எதிர் ஊஞ்சல்

ஒரே வருஷத்தில் பிலோமினா மளமளவென்று வளர்ந்துவிட்டாள். சர்க்கஸ் மேனேஜருக்கு அதுவே பெரிய குற்றம். "பறக்கிற பொண்ணு சிட்டு மாதிரி இருக்கணும். நாளையிலேருந்து நீ டிக்கெட் கவுண்டர்ல உக்காரு" என்று சொல்லிவிட்டார். அன்று மாலைக் காட்சியில் அவள் கடைசியாக ஊஞ்சலை விட்டுப் பறந்தாள். எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிய அண்ணன் தேவசகாயம் கைகளை நீட்டினான். பறப்பவள் கையை விறைப்பாக வைத்திருந்தால் போதும். பிடிப்பது தொங்குபவன் வேலை. அவளே பிடிக்கப் போனால் இருவரும் விழ வேண்டியதுதான். ஆனால் அண்ணனின் வியர்த்த கை வழுக்குவது தெரிந்ததும் பிலோமினா அவன் மணிக்கட்டை லபக்கென்று பற்றிவிட்டாள். இருவரும் விழவில்லை. ஒன்றும் புரியாத கூட்டம் கைதட்டியது.

கீழே இறங்கியதும் தேவசகாயம் தன் மணிக்கட்டில் சிவந்திருந்த விரல் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதாண்ணே?"

"வலிக்காம? உடும்பு மாதிரில்ல புடிச்ச, எருமை!"

மறுநாள் காலை, காலிக் கூடாரத்துக்கு மேனேஜரை அவனே அழைத்து வந்தான். எதிர் ஊஞ்சலில் பிலோமினா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். "இனிமே புடிக்கிறது இவதான்" என்று காட்டினான்.

"அவ புடிக்கிறது இருக்கட்டும். பறக்கப் போறது யாருடா?" என்றார் மேனேஜர்.

தேவசகாயம் ஏணியில் ஏறினான். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பறந்திராதவன், தொப்பையை எக்கி, ஊஞ்சல் கம்பியைப் பற்றிக்கொண்டு மேல் பலகையில் நின்றான்.

"பிலோ, விட்டுட மாட்டியே?"

"வாண்ணே" என்று அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அவன் கண்களை மூடிக்கொண்டு பலகையிலிருந்து காலை எடுத்தான்.